மரத்தடிச் சிவப்பு

பால் சொசைட்டிச் சுவரில் அந்த மேப்பை ஒட்டிய அன்று லோடுக்காரர் அதில் தன் வீட்டைத் தேடினார். ரோடு கிடைத்தது. கல்பாலம் கிடைத்தது. பாலத்திலிருந்து ரோட்டின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். விரல் வந்து நின்ற இடம் நல்ல சிவப்பாக இருந்தது. விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பாலத்திலிருந்து ஓட்டினார். மறுபடியும் அதே சிவப்பில்தான் வந்து நின்றது.

"துடைச்சா போயிடுமா? உன் வீடுதாம்ப்பா அது," என்றார் பின்னால் கேனோடு நின்ற பால்காரர். "வளைவு கூட அப்படியே தெரியுது பாரு."

சிறுத்தை அடுத்தபடியாக எந்தப் பக்கம் ஆடு மாட்டைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மேப் அது. பிடிக்காது என்றால் பச்சை. பிடித்தாலும் பிடிக்கும் என்றால் மஞ்சள். கட்டாயம் பிடிக்கும் என்றால் சிவப்பு. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் ஒரு பெண், கம்ப்யூட்டரில் என்னென்னவோ சேர்த்துச் செய்தது. எங்கள் பக்கத்தில் அவளுக்கு மேப்புப் பொண்ணு என்றே பெயராகிவிட்டது. மலையடிவாரம் பூராவும் பச்சையும் மஞ்சளுமாக இருக்க, சிவப்பு அந்த ரோட்டு வளைவில் மட்டும்தான் கொட்டிக் கிடந்தது.

வளைவில் ஒரு பெரிய மரம். மரத்தை ஒட்டி லோடுக்காரர் வீடு. வீட்டுக்குப் பின்னால் அவர் மனைவியின் ஆட்டுப்பட்டி. எதிரே என் சைக்கிள் கடை. ஆக, நானும் சிவப்பில்தான் இருக்கிறேன். ஆனால் சைக்கிளைச் சிறுத்தை தின்னாது என்பதால் என்னை யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் லோடுக்காரரைப் பத்துப் பேராவது விசாரித்துவிட்டார்கள். கறிக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், "எப்படியும் போகப்போறது, எனக்கே கொடுத்துடேன்," என்றார்.

லோடுக்காரர் என்ற பெயர் அவருடைய சின்ன லோடு வண்டியால் வந்தது. அந்த வண்டி பாதி நாள் ரோட்டில் ஓடும், பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். வீட்டில் அடுப்பு எரிவது ஆடுகளால். கல்யாணமாகி வரும்போது ஆட்டுக்காரம்மா கயிற்றில் பிடித்துக் கூட்டி வந்த ஒரே ஒரு பெட்டைக் குட்டியிலிருந்து பெருகிய மந்தை அது. சிறுத்தை ஒரு தடவை பட்டிக்குள் இறங்கிவிட்டால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவதோடு நிற்காது. அடைப்புக்குள் மிரண்டு ஓடுகிறதையெல்லாம் கடித்துப் போட்டுவிடும். அந்த ஆடுகள் போனால் இவர்களுக்கு வேறு ஒன்றுமே இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு, அதுவும் ஒரு காரணம்.

போதாததற்கு, மேப் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பூட்டு காணாமல் போயிருந்தது. பூட்டு என்பது அவர்கள் நாய். அது வாசலில் படுத்தால் வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை என்று அந்தப் பெயர். காலையில் பார்த்தால் சங்கிலி இருக்கிறது, நாய் இல்லை.

லோடுக்காரர் வீட்டுக்குப் போனபோது ஆட்டுக்காரம்மா ஒரு ஆட்டைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக் குளம்பை வெட்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்த குளம்பை விட்டுவிட்டால் ஆடு நொண்டும். நொண்டுகிற ஆடு மந்தையில் பின்தங்கும். நகவெட்டி போல ஒரு பெரிய கத்தரி வைத்திருப்பாள், அதை வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

"சிவப்பு போட்டுட்டாங்க," என்றார் லோடுக்காரர்.

"கேள்விப்பட்டேன். காலைப் பிடிங்க."

பிடித்தார். "கம்ப்யூட்டர் சும்மா சொல்லாது. இங்க வெச்சிருந்தா ஒரு நாளைக்கு மொத்தமாப் போயிடும்."

"நம்ம பட்டியில இதுவரைக்கும் ஒரு குட்டி போயிருக்கா?"

"பூட்டு போச்சே."

"அது நாய்."

"நாய்க்கு அடுத்து ஆடுதான். நாயே இல்லாத வீட்டுக்கு வர்றதுக்கு அதுக்கு என்ன கஷ்டம்?"

அவள் அடுத்த குளம்புக்குப் போனாள். பூட்டு பேச்சு வந்தால் அவள் வாயடைத்துப் போவாள் என்பது அவருக்குத் தெரியும்.

"மேட்டுத் தரை பச்சையா இருக்கு," என்றார். "பச்சையிலயும் நல்ல பச்சை. பெரியப்பா பையன் டவுனுக்குப் போனதுலேர்ந்து சும்மாதானே கிடக்கு. கேட்டுட்டேன், போட்டுக்கன்னுட்டான். பட்டியை அங்க மாத்திடுவோம்."

"அங்கயே யார் படுக்கறது?"

"நாந்தான். நீ காலையில வந்து மேய்ச்சலுக்கு விடு. புல்லைப் பாத்தியா அங்க? முழங்கால் உயரம்."

"அதான் கேக்கறேன்," என்று கத்தரியைக் கீழே வைத்தாள். "ஊரே புல்லு இல்லாம காய்ஞ்சு கிடக்கு. ஆளாளுக்கு ரோட்டோரத்துல ஓட்டிட்டுப் போய் லாரிக்குப் பயந்துக்கிட்டு மேய்க்கறாங்க. அங்க மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புல்லு ஏன் சும்மா நிக்குது?"

"தூரம். ஏற்றம். யாரு ஏறுவா?"

"நம்ம ஊர்ல யாருங்க புல்லுக்குச் சோம்பல் பட்டது?"

அவர் ஆட்டின் காலை விட்டுவிட்டு எழுந்தார். புல் எப்படி நின்றாலும் சிவப்பு சிவப்புதானே. அடுத்த நாளே கம்புகளை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

அது காற்றுக் காலம். மழை போய் வெகு நாளாகி, மண் மேலாகப் பொடிந்து, சும்மா நடந்தாலே செருப்புக்குப் பின்னால் புழுதி கிளம்பும். அந்தக் காற்றில் ஒற்றை ஆளாகக் கம்பு நட்டார். குழி தோண்டி, கம்பை இறக்கி, சுற்றிலும் கல்லைச் செருகி, கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் இடித்து இறுக்கினார். இரட்டை வலை கட்டினார். வலையின் அடியில் முள்ளை அடைத்தார். உள்ளே சருகு பரப்பினார். உள்ளங்கை பொத்துப்போய் என் கடைக்கு வந்து, டியூப்புக்கு ஒட்டும் பசையை வாங்கித் தடவிக்கொண்டார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஒரு மனிதன் பயத்தில் இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பட்டி தயாரானது. மாற்றும் நாள் காலையில் ஆட்டுக்காரம்மா மந்தையை ஓட்டிக்கொண்டு மேலே போனாள். முன்னால் டீச்சர் போனது. டீச்சர் என்பது மந்தையின் மூத்த ஆடு. யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் கேட்பதுபோல நின்று பார்க்கும். கடைசியில் வெள்ளச்சி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தது. அதற்குக் குட்டி போடும் நாள் நெருங்கியிருந்தது. ஆட்டுக்காரம்மா கையில் ஒரு டப்பாவில் அவித்த கிழங்கு. "பாத்துக்கங்கண்ணே," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டைத்தான் சொன்னாள்.

இதற்கு மேல் நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதிலிருந்து சேர்த்துச் சொல்கிறேன்.

மத்தியானம் லோடுக்காரர் தண்ணீர் டிரம்மையும் தகரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மேப்புப் பொண்ணு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மரத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். நிமிர்ந்து கிளையைப் பார்த்தாள், குனிந்து நிழலைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்து நிழலை அளந்தாள். நிழலை அளக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லையாதலால் கையிலிருந்த சக்கரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தேன்.

"அண்ணே," என்று கேட்டாள் லோடுக்காரரிடம், "சிறுத்தைக்கு இந்த மரத்து மேல அப்படி என்ன ஆசை?"

"என்னம்மா சொல்றீங்க?"

"இல்ல, இவ்வளவு பெரிய மலை இருக்கு, காடு இருக்கு. எல்லா ஆட்டையும் இந்த மரத்து நிழலுக்குக் கூட்டிட்டு வந்துதான் கொன்னிருக்கு. அதுக்கு வெயில் ஒத்துக்காது போல."

லோடுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் பின்பலகையில் வைத்துவிட்டு, அங்கேயே ஏறி உட்கார்ந்தாள்.

"நான் வெளிப்படையாவே சொல்றேன். மேப்பு போடும்போதே எனக்கு இந்த இடம் புரியல. மத்த எதை வெச்சுப் பாத்தாலும் சிறுத்தை இங்க வரக் கூடாது. ரோடு இருக்கு, தெருவிளக்கு இருக்கு, ஓடை தூரத்துல இருக்கு, எதிர்ல இவரு நாள் முழுக்கத் தட்டிக்கிட்டே இருக்காரு. ஆனா ஆடு செத்த இடம்னு புள்ளி வெச்சா, புள்ளி எல்லாம் இங்கயே வந்து விழுது. சரி, நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அதை இங்க இழுக்குதுன்னு விட்டுட்டேன். நேத்து உக்காந்து போட்டோவை எல்லாம் வரிசையாப் பாத்தேன். பாத்ததுலேர்ந்து மண்டை குடையுது. இதைப் பாருங்க."

போனை நீட்டினாள். சிறுத்தை அடித்த கால்நடைக்கு இழப்பீடு கொடுக்கிற ஆபீசிலிருந்து வாங்கிய போட்டோக்கள். ஒரு ஆடு, இன்னொரு ஆடு, ஒரு கன்றுக்குட்டி.

"கழுத்துல பல்லு பட்டிருக்கு. கீழ ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. நாலு காலும் ஒண்ணாச் சேர்ந்திருக்கு. இந்தக் கன்னுக்குட்டிக்குக் கீழ சாக்கு விரிச்சிருக்கு. சாக்கு விரிச்சு வெச்சுக் கொல்ற சிறுத்தையை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்ல."

லோடுக்காரர் சிரித்துவிட்டார். நிறைய நாளைக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"அது என் சாக்கும்மா. அதோ, வண்டியில கிடக்குதே, அதேதான். வண்டி நாறக் கூடாதுன்னு போடறது."

"உங்க சாக்கு எப்படி?"

"பின்ன? ஆபீசர் ஜீப்பு இந்த வளைவு வரைக்கும்தான் வரும். இதுக்கு மேல திருப்ப இடம் கிடையாது. அவருக்கு முட்டி வலி, பாவம், இறங்கி நடக்க முடியாது. செத்ததைக் கண்ணால பாத்து போட்டோ எடுத்தாத்தான் காசு. அதனால அவங்கவங்க ஆட்டைத் தூக்கிட்டு வந்து கல்பாலத்துல வெச்சிடுவாங்க. நான் பாலத்துக்குப் போய் ஏத்திட்டு வந்து இந்த மரத்தடியில போடுவேன். இங்கதான் நிழலு. வெயில்ல போட்டா ஆபீசர் வர்றதுக்குள்ள ஊதிப்போயிடும். இதுக்கெல்லாம் நான் யார்கிட்டயும் வாடகை வாங்கறதில்ல. பாதிக்கப்பட்ட வீட்டுல போய் வாங்க முடியுமா?"

நல்ல பெருமையோடுதான் சொன்னார். உண்மையில் பெருமைப்பட வேண்டிய காரியமும்தான். நான் கூட எத்தனையோ தடவை ஒரு கை பிடித்து இறக்கிவிட்டிருக்கிறேன்.

மேப்புப் பொண்ணு போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேசிக்கொண்டே வந்த லோடுக்காரர்தான் மெல்ல மெல்ல நிறுத்தினார்.

"ஏம்மா, அந்தப் புள்ளி எதை வெச்சு வெக்கறது?"

"போட்டோ எந்த இடத்துல எடுத்ததுன்னு போன்லயே பதிஞ்சிருக்கும்ண்ணே. அதை வெச்சுத்தான்."

"அப்ப இந்தச் சிவப்பு..."

"ம்."

"நான் கொண்டாந்து போட்டதா?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊரெல்லாம் செத்த ஆட்டைத் தன் வாசலில் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, அதே வாசலைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு மாதம் கடப்பாரை பிடித்திருக்கிறார்.

"பூட்டு?" என்றார் திடீரென்று. "அது நிஜமாவே போச்சே. இங்கேர்ந்துதான் போச்சு."

"ஆபீசர் வர்றதுக்கு ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும்தானே? அது வரைக்கும் ஆடு இங்கயே கிடக்கும். சிறுத்தை தான் அடிச்சதைத் தேடி வரும்ண்ணே. வாசனை பிடிச்சு இறங்கியிருக்கலாம். வந்த இடத்துல நாய் இருந்திருக்கு."

லோடுக்காரர் மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாய்ச் சங்கிலி இன்னும் அங்கேதான் தொங்கியது.

"சரி விடுங்க," என்று அவளே பேச்சை மாற்றினாள். "எங்க அக்கா? பட்டி காலியா இருக்கு?"

"மேட்டுத் தரையில. உங்க பச்சையில," என்றார்.

அவள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். "இன்னைக்கா மாத்துனீங்க?"

"காலையில. ஏம்மா, பச்சைன்னா பிடிக்காதுன்னுதானே எழுதியிருந்தீங்க?"

"எழுதினேண்ணே. அந்தப் பக்கம் எதுவும் செத்ததா எங்கிட்ட ஒரு புள்ளி கூட இல்ல. அதனால கம்ப்யூட்டரு பச்சை போட்டுடுச்சு. ஆனா அங்க செத்ததையும் நீங்க இங்க தூக்கிட்டு வந்திருந்தா, அந்தப் பச்சைக்கு எனக்குத் தெரியாதுன்னுதான் அர்த்தம். எங்க செத்துச்சுன்னு நான் ஒருத்தரைக் கூடக் கேக்கல. என் தப்புதான்."

"நீங்க கேக்கல. தூக்கிட்டு வந்த நானே கேக்கலையே. பாலத்துல கிடக்கும், ஏத்துவேன். அவங்களாவே ஓடையிலேர்ந்தும்பாங்க. ஓடைன்னா பாலத்துக்குக் கீழ ஓடறதுன்னு நினைச்சுக்குவேன்."

மனைவிக்குப் போன் போட்டார். மேலே டவர் கிடையாது என்று தெரிந்தும் மூன்று தடவை போட்டார். அப்புறம் டிரம்மையும் தகரத்தையும் அப்படியே ரோட்டோரம் இறக்கித் தள்ளிவிட்டு, "ஏறுங்க," என்றார். நானும் கடையைச் சாத்தினேன். முன்னால் இடமில்லை என்று பின்னால் நின்றுகொண்டேன்.

போகிற வழியில்தான் பால்காரர் வீடு. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம் என்றாள் அவள், பொழுது சாய இன்னும் நேரமிருக்கிறது என்று. பால்காரர் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டி எங்கே செத்தது என்று கேட்டதும் கையைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார்.

"ரோட்டோரம்தான். ஆபீசர்கிட்டயே சொல்லியாச்சே."

"நான் அந்த ஆபீஸ் இல்ல பெரியவரே. கொடுத்ததைத் திருப்பிக் கேக்க வரல. அது எங்க நின்னுச்சு, எங்க கிடந்துச்சு, அது மட்டும் போதும்."

"யப்பா, சொல்லிடு," என்றார் லோடுக்காரர். "எம்பொண்டாட்டி ஆட்டோட மேட்டுத் தரையில உக்காந்திருக்கா."

பால்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மேட்டுத் தரையிலயா? அங்க எதுக்கு? பச்சை போட்டிருக்குன்னா? நானும் பாத்தேன், சரி, இப்ப அங்க சிறுத்தை இல்ல போலன்னு நினைச்சேன். கன்னுக்குட்டி தட்டைப் பாறைக்குப் பின்னாடிதான் கிடந்துச்சு. மேட்டுத் தரைக்குப் பின்பக்கம் ஓடை திரும்புதில்ல, அந்தப் புதருக்குள்ள."

"மேட்டுத் தரைக்குப் பின்னாடி போறதும் அதே ஓடையா?" என்றார் லோடுக்காரர்.

"பின்ன வானத்துலேர்ந்தா குதிக்குது? அங்கேர்ந்துதான் சுத்திக்கிட்டுப் பாலத்துக்கு வருது. தையல்காரம்மா ஆடு கூட அங்கதானே. அதுக்கு முந்தி கொத்தனார் வீட்டு ஆடு. ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு ஒண்ணு போச்சு, அவங்கவங்க அந்தப் பக்கம் ஓட்டறதை விட்டுட்டாங்க. இதைப் போய் யார் ஊர் கூட்டிச் சொல்றது?"

"அதான் புல்லு," என்றார் லோடுக்காரர், யாரிடமும் என்றில்லாமல். அவர் மனைவி கேட்ட கேள்விக்கு அவர் பதில் கண்டுபிடித்தது அந்தத் தொழுவத்தில்தான்.

மேப்புப் பொண்ணு பேனாவை எடுத்துத் தன் கையிலிருந்த மேப்பில் மூன்று புள்ளி வைத்தாள். மூன்றும் நல்ல பச்சைக்கு நடுவில் விழுந்தன. அவள் முகத்தில் வருத்தத்தோடு இன்னொன்றும் இருந்தது. வெகு நாளாகத் திறக்காத பெட்டிக்குச் சாவி கிடைத்த மாதிரி ஒரு பரபரப்பு. அதை மறைக்கவும் பார்த்தாள்.

பால்காரர் கூப்பிடாமலே ஒரு கழியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிற வண்டி, அன்றைக்கென்று பார்த்து ஒரு இருமல் கூட இல்லாமல் ஏற்றத்தில் ஏறியது. லோடுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அதுவும் பயந்துவிட்டது போல.

மேலே எல்லாம் அமைதியாக இருந்தது. காற்று நின்றிருந்தது. புது வலை வெயிலில் பளபளத்தது. ஆட்டுக்காரம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து நாங்கள் நாலு பேரும் குதித்ததைப் பார்த்து, "என்ன, கிரகப்பிரவேசத்துக்கு வந்தீங்களா?" என்றாள்.

லோடுக்காரர் அவளைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேப்புப் பொண்ணுதான் விஷயத்தைச் சொன்னாள். மரம், நிழல், சாக்கு, பாலம், புள்ளி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆட்டுக்காரம்மா கிழங்கை உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப நம்ம வீட்டைச் சிவப்பாக்குனது நீங்கதான்," என்றாள் கடைசியில்.

"ஆமா."

"இதைப் பச்சையாக்குனதும் நீங்கதான்."

"ஆமா."

"அந்தச் சாக்கை நான் துவைச்சுத் துவைச்சுக் காயப்போட்டேன் பாருங்க, அதைச் சொல்லணும்." உரித்த கிழங்கைப் பாதியாக உடைத்து அவரிடம் நீட்டினாள். "இந்தாங்க, காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பால்காரர் நாகரிகமாக மலையைப் பார்த்தார்.

"எனக்கு இங்க ஒண்ணு புரியல," என்றாள் ஆட்டுக்காரம்மா. "டீச்சர் இருக்கே, அது பட்டிக்குள்ள முன்பக்கம் வருது. பின்பக்கம் போக மாட்டேங்குது. இழுத்துப் பாத்தேன், காலை ஊனிக்கிட்டு நிக்குது. அது நிக்கறதைப் பாத்து மத்ததும் நிக்குது. புது வலை வாசனை போலன்னு நினைச்சேன்."

மேப்புப் பொண்ணு உடனே அந்தப் பின்பக்கத்துக்குப் போனாள். வலைக்கு அந்தப் புறம் புதர் சரிந்து ஓடைக்கு இறங்கியது. குனிந்து, மண்டியிட்டு, மூக்கு தரையில் படுகிற அளவுக்குப் பார்த்தாள். காற்றடித்த புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. "அது எதையோ தெரிஞ்சுதான் நிக்குதா, இல்ல வலையைப் பாத்துதான் நிக்குதா, எனக்குச் சொல்லத் தெரியலக்கா," என்றாள். "ஆனா தெரிஞ்சுக்கலாம். இந்தப் பட்டியை நாளைக்கு வரைக்கும் பிரிக்காதீங்க. ஆடு நின்ன வாசனை அப்படியே இருக்கட்டும். சுத்தி மண்ணைச் சலிச்சுப் போட்டு வெப்போம். என் புதுக் கணக்கு சரின்னா அது வந்து பாக்கும்."

"ஆடு இல்லாமயா?"

"ஆடு வேண்டாம். ஆட்டை வெச்சு நான் இன்னொரு தடவை கணக்குப் பாக்க மாட்டேன்."

அந்தப் பதில் ஆட்டுக்காரம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அவளே தகரத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மண்ணை அள்ளிக் கல் பொறுக்கி, பட்டியைச் சுற்றி மாவு தெளித்த மாதிரி பரப்பினார்கள்.

அதற்குள் வெள்ளச்சி படுத்துவிட்டது. ஏற்றம் ஏறியதில் நாள் முந்திவிட்டது போல. தனியாக ஒதுங்கிப் போய்ப் படுத்து, எழுந்து, மறுபடி படுத்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அதை நடத்திக் கூட்டிப்போக முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

லோடுக்காரர் வண்டியிலிருந்து அந்தச் சாக்கை உருவினார். ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"துவைச்சதுதான். விரிங்க," என்றாள் அவள்.

சாக்கை விரித்து வெள்ளச்சியைத் தூக்கி வைத்தோம். எவ்வளவோ பாரம் தூக்கிய கைதான் அவருடையது. ஆனாலும் அன்றைக்கு அவர் தூக்கியதைப் பார்த்தால் முட்டைக் கூடையைத் தூக்கியது போல இருந்தது. மேப்புப் பொண்ணு பின்னால் ஏறி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நடக்கிற வேகத்தில் இறங்க, ஆட்டுக்காரம்மா மந்தையை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். நானும் பால்காரரும் ஆளுக்கொரு பக்கம்.

கல்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாதை ஓடையை ஒட்டிப் போகிற இடத்தில் டீச்சர் நின்றது. அதோடு மொத்த மந்தையும் நின்றது. எல்லாக் காதும் ஒரே பக்கம் திரும்பின. புதர் அசையவில்லை. ஒரு பறவை மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது, அதுவும் நின்றது. பால்காரர் கழியை மாற்றிப் பிடித்தார். ஆட்டுக்காரம்மா சத்தம் போடவில்லை, ஓடவில்லை. "ம், நட, நட," என்று வீட்டு வாசலில் நின்று பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே டீச்சரின் கழுத்தைப் பிடித்து முன்னால் நடந்தாள். மற்றதெல்லாம் அவள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. பாலத்தைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தபோதுதான், வண்டியிலிருந்து மேப்புப் பொண்ணு, "அக்கா, தலை வெளிய வருது, நான் என்ன செய்யணும்," என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாதீங்க. அதுக்குத் தெரியும்."

மரத்தடியில் வண்டி நின்றபோது சாக்கின் மேல் இரண்டு குட்டிகள் ஈரமாகக் கிடந்தன. வெள்ளச்சி நக்கிக்கொண்டிருந்தது. மேப்புப் பொண்ணின் உடுப்பெல்லாம் நாசம். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரும் மறுபடியும் மேலே போனோம். இந்தத் தடவை கேட்காமலே பின்னால் ஏழெட்டுப் பேர் ஏறிக்கொண்டார்கள். தையல்காரம்மாவும் வந்திருந்தாள், தன் ஆடு கிடந்த இடத்தைக் காட்டுகிறேன் என்று. பட்டிக்குக் கொஞ்ச தூரத்திலேயே மேப்புப் பொண்ணு எல்லோரையும் நிறுத்திவிட்டாள். அவளும் லோடுக்காரரும் ஆட்டுக்காரம்மாவும் மட்டும் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து எங்களையும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள்.

சலித்துப் போட்ட மண்ணில் பாதத்தடம் அச்சடித்த மாதிரி இருந்தது. ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்திருக்கிறது. பட்டியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்கிறது. பின்பக்கத்தில் ஒரு மூலையில் முள்ளை ஒதுக்கி வலையைக் கிழித்திருக்கிறது. லோடுக்காரர் அவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய இரட்டை வலை. உள்ளே அவர் பரப்பிய சருகு ஒரு இடத்தில் அமுங்கிக் கிடந்தது. படுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ஆட்டுக்காரம்மா அந்த அமுங்கிய சருகைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"இதை மேப்புல போடலாமாம்மா?" என்று கேட்டார் லோடுக்காரர். "எதுவும் சாகலையே."

"சாகணும்னு ஒண்ணும் இல்லண்ணே. இது மாதிரிதான் எனக்கு வேணும்."

அவள் போனை எடுத்துத் தடத்துக்கு நேரே பிடித்தாள். காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. திரையில் ஒன்றும் தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் நிழலுக்காக நாலடி தள்ளியிருந்த பாறைப் பக்கம் ஒதுங்கப் போனாள்.

"அங்க போகாதீங்க," என்றார் லோடுக்காரர். "வந்த இடத்துலயே நின்னு எடுங்க."

வண்டிக்குப் போய்ச் சாக்கை எடுத்து வந்தார். ஒரு முனையை மனைவியிடம் கொடுத்து, மறுமுனையைத் தானே தூக்கிப் பிடித்தார். அந்தப் பாதத்தடத்தின் மேலும் போனின் மேலும் நிழல் விழுந்தது. அவள் எடுத்து முடித்துப் போதும் என்று சொல்கிற வரைக்கும் இரண்டு பேரும் கையை இறக்கவில்லை.